ஏழாம் கட்டுக்குக் கூரை இல்லை

அத்தியாயம் 6

புதுத் தகரத்தை மலைநாட்டில் ஒளித்துவைக்க முடியாது என்பது செல்லசாமியின் கட்சி. பொகவந்தலாவைப் பாதையில் பத்து வருடம் பஸ் கண்டக்டராகத் தொங்கியவன் அவன். எந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்துக் கூரையில் எத்தனை தகரம் மாற்றியிருக்கிறார்கள் என்று படிக்கட்டில் நின்றபடியே சொல்லிவிடுவான். கொஞ்சம் வெயில் பட்டால் போதும், மூன்று மைலுக்கு அப்பாலிருந்தும் கண்ணைக் கூசும். அப்படியிருக்க, ஆனைக்கல் தோட்டத்திலிருந்து அறுபது தகரம் மாயமாகப் போய்விட்டதாம். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து காரை நிறுத்தி நிறுத்திச் சுற்றியுள்ள மலை முழுக்கப் பார்த்தாயிற்று. துருப்பிடித்த கூரை, ஒட்டுப்போட்ட கூரை, பறக்காமலிருக்கக் கல் ஏற்றிய கூரை எல்லாம் இருந்தன. புதுக் கூரை ஒன்றுகூட இல்லை.

"திருடினவன் அதப் பாய் மாதிரி சுருட்டித் தலைமாட்டுல வச்சுப் படுத்திருக்கணும் சார்" என்றான்.

இக்னேசியஸ் கார்க் கண்ணாடி வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேசாமலிருந்தால் யோசிக்கிறார் என்று அர்த்தம்; இல்லாவிட்டால் பசிக்கிறது என்று அர்த்தம். ஹட்டன் ஸ்டேஷன் சாமான் கொட்டகையில் இருபத்திரண்டு வருடம் கிளார்க்காக இருந்துவிட்டு, மேலதிகாரியோடு முட்டிக்கொண்டு வெளியே வந்தவர். காணாமற்போன சாமானைக் கண்டுபிடித்துத் தருவது இப்போது அவருடைய தொழில். செல்லசாமி அவருக்குச் சாரதி, எடுபிடி, தேவைப்படும்போது வாய்.

முந்தாநாள் பகல் பஸ்ஸில் இறங்கி அவர் ஆபீசுக்கு வந்த வேலாயி, நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள். ஆனைக்கல் துரை போன வருடம் சீமையிலிருந்து ஓர் இரும்புக் கட்டடத்துக்கு ஓர்டர் கொடுத்தார். தேயிலை ஸ்டோருக்கு, அதாவது தொழிற்சாலைக்கு, பக்கத்தில் கொழுந்து வாட்டுவதற்கு ஒரு பெரிய கொட்டகை. தையற்காரன் வெட்டிவைத்த, இன்னும் தைக்காத சட்டை மாதிரி அது துண்டு துண்டாக வந்து இறங்கியது. தூண், குறுக்குச் சட்டம், தகரம், போல்ட், வாசர், ஒவ்வொன்றிலும் பெயின்டில் நம்பர். கொழும்பு வரை கப்பல், ஹட்டன் வரை ரயில், அதற்கப்பால் லொறி. அதைப் பூட்டி நிறுத்துகிற வேலை அவள் புருஷன் அழகுமுத்துக் கங்காணிக்கும் அவனுடைய ஆட்களுக்கும் வந்தது. தூண்கள் அடித்தளத்துப் போல்ட்டுகளில் பிசகில்லாமல் உட்கார்ந்தன. கூரையில்தான் வினை பிடித்தது.

கொட்டகைக்கு ஏழு கட்டு. இரண்டு தூண் வரிசைக்கு நடுவில் உள்ள இடம் ஒரு கட்டு. கட்டுக்கு அறுபது வீதம் நானூற்றிருபது தகரம் வந்தது, எண்ணித்தான் இறக்கினார்கள். ஆறு கட்டு மூடியதும் தகரம் தீர்ந்துவிட்டது. தகரம் அடுக்கியிருந்த, முன்பு கொழுந்து நிறுத்துவந்த பழைய மடுவத்தின் சாவி அழகுமுத்துவின் இடுப்பில் இருந்தது. வேறு யாரைப் பிடிப்பார்கள்?

சனிக்கிழமை பன்னிரண்டு மணிச் சங்கு ஊதுமுன் தகரம் வராவிட்டால் பத்துச்சீட்டு என்று துரை சொல்லிவிட்டார். பத்துச்சீட்டு கைக்கு வந்தால் வேலை மட்டும் போகாது, குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். அதோடு பொலிசில் முறைப்பாடும் உண்டு. அதைச் சொல்லும்போதுதான் வேலாயி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து வருடமாகக் கிடந்த அவர்களுடைய பிரஜாவுரிமை மனுவுக்கு வருகிற செவ்வாய்க்கிழமை நுவரெலியாவில் விசாரணை. திருட்டுக் கேசில் பெயர் அடிபட்டவனுடைய மனுவை எந்த அதிகாரி புரட்டிப் பார்க்கப்போகிறான்? நாட்டில் இருக்கலாமா கூடாதா என்பதே அந்த அறுபது தகரத்தில் வந்து நின்றது.

வெள்ளிக்கிழமை பிற்பகலில் அவர்களைக் கொட்டகைக்கு அழைத்துப்போய்க் காட்டியவர் பெரிய கிளாக்கர் பொன்னையா. கறுப்புக் கோட்டு, கையில் குடை, மடித்த பைல். கேட்பதற்கு முன்னாலேயே பதில் சொல்கிற மனிதர். சாமான் பட்டியலை நீட்டினார், சாவிக் கணக்கைச் சொன்னார், அழகுமுத்துவின் மச்சான் ஒருவன் ராகலையில் லொறி ஓட்டுகிறான் என்பதையும் போகிற போக்கில் போட்டுவைத்தார். செல்லசாமிக்கு முதலில் அவரைப் பிடித்திருந்தது. பத்து நிமிஷத்தில் பிடிக்காமல் போய்விட்டது. சில்லறையைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறுகிறவனை அவன் எப்போதும் இரண்டு தரம் பார்ப்பான்.

மேட்டில் கொட்டகை கம்பீரமாகத்தான் நின்றது. ஆறு கட்டு வரை வெள்ளிபோலக் கூரை. ஏழாவதில் வெறும் எலும்பு. அதன் வழியாகச் சாம்பல் நிற வானம் தெரிந்தது. தென்மேல் பருவமழை இன்றோ நாளையோ என்று முட்டிக்கொண்டிருந்தது.

"மேல ஏறிப் பாக்கலாமா?" என்று இக்னேசியஸ் கேட்டார்.

பொன்னையா உடனே தடுத்தார். ஏறுவதற்குக் கட்டிய மரச்சாரம் ஈரமாக இருக்கிறது, வழுக்கும், விழுந்தால் யார் பொறுப்பு என்றார். மேலே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, இல்லாத தகரத்தைத்தானே தேடுகிறோம் என்றும் சொன்னார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

"தகரத்தப் பிடிச்சு நிறுத்துற கொக்கிப் போல்ட்டு? அது எத்தன மிச்சம்?"

"அதுவும் ஒண்ணுகூட மிச்சமில்லீங்க. வாசரும் இல்ல. எல்லாத்தையும் சேத்துத்தான் அள்ளியிருக்கான்."

செல்லசாமி தலையைச் சொறிந்தான். "சட்டையத் திருடுறவன் பொத்தானையும் திருடுவான், ஒத்துக்கிறேன். இவன் பெட்டியில கைய விட்டு, அறுபது சட்டைக்கு எத்தன பொத்தானோ அத்தனைய மட்டும் எண்ணி எடுத்திருக்கான். ரொம்ப ஒழுக்கமான திருடன் சார்."

இக்னேசியஸின் புருவம் ஒரு நூல் உயர்ந்து இறங்கியது. கட்டடத்தோடு வந்த விளக்கப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டார். பொன்னையா பைலிலிருந்து எடுத்துக் கொடுத்தார். படமும் அளவுமாக இருபது பக்கம் இருக்கும். தபாலில் வந்தது, துரை பார்த்துவிட்டுத் தன்னிடம் தந்தது என்றார். இக்னேசியஸ் படங்களைப் பார்த்தார். அவருடைய தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த செல்லசாமி தாளைப் பார்க்கவில்லை, தையலைப் பார்த்தான். பத்தாம் பக்கத்துக்கும் பதின்மூன்றாம் பக்கத்துக்கும் நடுவில், தையல் ஓரமாக, அரை விரலுக்கு ஒரு தாள்முனை ஒட்டிக்கொண்டிருந்தது. பத்து வருடம் டிக்கெட் கிழித்த கை அவனுடையது. கிழித்த இடம் அவன் கண்ணுக்குத் தப்பாது.

இக்னேசியஸின் முழங்கையை மட்டும் மெல்லத் தொட்டான். அவரும் பார்த்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோலப் புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

போகும்போது பொன்னையா குரலைத் தாழ்த்தி இன்னொன்று சொன்னார். காவற்காரன் மாயாண்டி பார்த்திருக்கிறானாம். சாமான் பெட்டிகளை உடைத்த அன்று அழகுமுத்து கறுப்பாக எதையோ துண்டில் சுற்றி மறைத்து லயத்துக்குக் கொண்டுபோனானாம்.

அந்தச் சொல் செல்லசாமியின் காதில் சனியனாக ஒட்டிக்கொண்டது. லயத்தில் அழகுமுத்துவைப் பார்த்ததும் அது இன்னும் பலமாயிற்று. நாற்பது வயதிருக்கும், ஒடிசலான ஆள், கையெல்லாம் தகரம் கிழித்த தழும்பு. கேட்டதற்கெல்லாம் நேராகத்தான் பதில் சொன்னான். தகரம் வந்தது, போட்டேன், தீர்ந்துபோச்சு, அவ்வளவுதான் எனக்குத் தெரியும் என்றான். சாவியை யாரிடமும் கொடுக்கவில்லை என்றான். சாவியை வேறு யாரிடமாவது கொடுத்தேன் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம், அதைக்கூடச் சொல்லவில்லை.

"பெட்டி ஒடச்ச அன்னைக்கு வீட்டுக்கு என்னமோ கொண்டாந்தீங்களாமே கங்காணி?" என்று செல்லசாமி கேட்டான்.

அழகுமுத்துவின் முகம் மாறியது. வேலாயியைப் பார்த்தான். அவள் அடுப்பைப் பார்த்தாள்.

"அது ஒண்ணுமில்லீங்க ஐயா. தகரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

இக்னேசியஸ் இரண்டு தரம் கேட்டுப் பார்த்துவிட்டு எழுந்தார்.

காரில் ஏறியதும் செல்லசாமி பொரிந்து தள்ளினான். ஆள் எடுத்திருக்கிறான், சந்தேகமேயில்லை. பெண்சாதிக்கும் தெரியும். நாம் யாருக்காக அலைகிறோமோ அவனே கள்ளன் என்றால் பெட்ரோல் யார் தலையில்? இக்னேசியஸ் அமைதியாகக் கேட்டுவிட்டு, "அப்ப அந்தப் பதினொராம் பக்கத்தக் கிழிச்சது யாரு?" என்றார். சந்தேகப்பட ஓர் ஆள் போதாமல் இரண்டு ஆள் கிடைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இரவு பொகவந்தலாவைக் கடைத்தெருவில் தெரிந்தவர் வீட்டில் தங்கினார்கள். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, தேத்தண்ணீர்க் கடை வாசலில் ரொட்டியும் கையுமாக நிற்கும்போது ஹட்டன் பஸ் முனகிக்கொண்டு வளைவில் ஏறியது. ஜன்னலுக்கு வெளியே நாலு முழங்கை, படிக்கட்டில் ஆறு கால். செல்லசாமிக்குப் பழைய தொழிலின் பெருமை வந்துவிட்டது.

"பக்கத்துல எழுதியிருக்கிறதப் பாருங்க சார். இருபத்தாறு பேர் உக்காரலாமாம். உள்ள நாப்பது இருக்கும். எப்பிடின்னு கேளுங்க. நான் ஏத்துற காலத்துல ஒருத்தர் மடிமேல பாதி ஒருத்தர உக்கார வச்சிருவேன். வெளிய இருந்து பாத்தா எல்லா சீட்டும் சரியா நெறஞ்ச மாதிரிதான் இருக்கும். உள்ள எண்ணினாத்தான் தெரியும் எத்தன உசுருன்னு."

இக்னேசியஸ் ரொட்டியைக் கடித்த வாயோடு அப்படியே நின்றார்.

"எண்ணினாத்தான்" என்றார் மெதுவாக. பிறகு கையைக்கூடத் துடைக்காமல் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டார். "வண்டிய எடு. ஒருத்தனும் எண்ணல செல்லசாமி. ஓட்டையத்தான் எண்ணினானுக."

கொட்டகைக்குப் போய்ச் சேரும்போது மழை பிடித்துவிட்டது. இந்தப் பக்கத்து மழை தலையில் விழுகிற மழையல்ல. பள்ளத்திலிருந்து காற்று அதை வாரிக்கொண்டு வந்து முகத்தில் அறையும். இருவரும் கூரைக்குக் கீழே ஓடினார்கள். பொன்னையாவைக் காணவில்லை, தடுப்பார் யாருமில்லை. இக்னேசியஸ் சாரத்தைக் காட்டினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செல்லசாமி ஏறினான். கூரையின் கீழ் ஓரமாக, முதல் கட்டு முனையிலிருந்து ஆறாம் கட்டு முனை வரை, பஸ்ஸில் தலை எண்ணுகிற மாதிரி ஒவ்வொரு தகரத்தின் விளிம்பையும் விரலால் தட்டித் தட்டி எண்ணிக்கொண்டு போனான்.

கூரையில் மேலிருந்து கீழாக ஒரு பக்கத்துக்கு மூன்று வரிசை, இரண்டு பக்கமும் சேர்த்து ஆறு வரிசை. பட்டியலின்படி ஒரு வரிசைக்குக் கட்டுக்குப் பத்துத் தகரம். ஆறு கட்டுக்கு அறுபது இருக்க வேண்டும்.

செல்லசாமி முனைக்குப் போனான். திரும்பி வந்து மறுபடியும் எண்ணினான். இறங்கியபோது அவன் வாயில் வேடிக்கைப் பேச்சு ஒன்றும் இல்லை.

"எழுபது சார்."

வரிசைக்குப் பத்து அதிகம். ஆறு வரிசைக்கு அறுபது. காணாமற்போன அறுபது தகரமும் அவர்கள் தலைக்கு மேலேயே இருந்தன.

இக்னேசியஸ் ஒரு தகரத்தின் ஓரத்தைக் காட்டினார். ஒரு தகரத்துக்கு எட்டு அலை. பக்கத்துத் தகரம் அதன்மேல் ஓர் அலை ஏறி உட்கார்ந்தால் மூடுகிற அகலம் ஏழு அலை. இரண்டு அலை ஏறி உட்கார்ந்தால் ஆறுதான். அழகுமுத்து இரண்டு அலை ஏற்றிப் போட்டிருந்தான். ஏழு கட்டுக்கு வந்த தகரம் ஆறு கட்டோடு தீர்ந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. கொக்கிப் போல்ட்டும் தகரத்தோடுதான் போயிருக்கிறது. ஒழுக்கமான திருடன் என்று ஒருவன் கிடையவே கிடையாது.

பதினொரு மணிக்குத் தோட்டத்து ஆபீசில் எல்லோரும் கூடினார்கள். துரை மேசைக்குப் பின்னால். பொன்னையா பக்கத்தில். அழகுமுத்து வாசற்படிக்கு உள்ளே, தலைத்துண்டைக் கையில் பிடித்தபடி. வேலாயி வெளியே சாக்குக் கொங்காணியைப் போர்த்திக்கொண்டு மழையில் நின்றாள். இக்னேசியஸ் விஷயத்தைச் சொன்னார். துரை நம்பவில்லை. செல்லசாமியையும் இழுத்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தார், தானே எண்ணினார், தொப்பி சொட்டச் சொட்டத் திரும்பி வந்தார். எழுபதுதான்.

விஷயம் முடிந்தது என்று செல்லசாமி நினைத்தான். பொன்னையாவின் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை என்று தெரிந்தது. அந்த மனிதர் அசையவேயில்லை. புத்தகத்தை எடுத்து எட்டாம் பக்கத்துப் படத்தை விரித்தார். கூரைப் படம். தகரத்தின்மேல் தகரம் ஓர் அலைதான் ஏறியிருந்தது. துரையிடம் அவர் இங்கிலீஷில் சொன்னதை இக்னேசியஸ் பிறகு செல்லசாமிக்குச் சொன்னார். திருட்டு இல்லைதான், சந்தோஷம். ஆனால் கம்பனி போட்ட படத்தை மீறி, யாரையும் கேட்காமல், தோட்டத்துக்குச் சொந்தமான அறுபது தகரத்தைக் கங்காணி பாழாக்கியிருக்கிறான். மழைக்காலம் வந்துவிட்டது, கொழுந்து குவியப்போகிறது, கொட்டகை திறந்து கிடக்கிறது. இதற்கும் பத்துச்சீட்டுதானே?

துரை தலையசைத்தார். கள்ளனில்லை என்று நிரூபித்துக் காட்டியதே அவனுடைய குற்றத்துக்குச் சாட்சியாகிவிட்டது.

ஏன் இப்படிப் போட்டாய் என்று துரை தனது தோட்டத் தமிழில் கேட்டார். அழகுமுத்து முதன்முறையாக நிமிர்ந்தான்.

"இந்த மேட்டுல மழை மேலயிருந்து கீழ வராதுங்க. கீழயிருந்து மேல ஏறும். ஒரு அலை போட்டா தகரத்துக்கு அடியில பூந்து உள்ள வந்துரும். எங்க லயத்துக் கூரை எல்லாம் ரெண்டு அலைதாங்க. வேற மாதிரி போட எனக்குத் தெரியாது."

இருபது நிமிஷமாகக் கொட்டகைக்குள் நின்று எண்ணியபோது தன்மேல் ஒரு சொட்டுக்கூட விழவில்லை என்பது துரைக்கு அப்போதுதான் நினைவு வந்திருக்க வேண்டும். அவர் மேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் படம் படம்தான். காகிதத்தில் இருப்பதற்கு எதிராகக் காகிதம் வேண்டுமே.

"அந்தப் புத்தகத்துல பதினொண்ணும் பன்னெண்டும் இல்ல" என்றார் இக்னேசியஸ்.

துரை புரட்டினார். இல்லை. பொன்னையா, அது வரும்போதே அப்படித்தான் வந்தது என்றார்.

"கப்பல்ல வர்ற கட்டடத்துக்குப் புத்தகம் ரெண்டு வருமுங்க. தபால்ல ஒண்ணு. போல்ட்டுப் பெட்டி மூடிக்கு உள்பக்கம், மெழுகுத் துணிப் பையில வச்சு ஆணியடிச்சு இன்னொண்ணு. இருபத்திரண்டு வருசம் நான் அத ஒடச்சுப் பாத்திருக்கேன்."

பொன்னையா இப்போது சிரித்தார். பெட்டிப் பலகை எல்லாம் ஸ்டோர் அடுப்புக்குப் போய்விட்டது, பையோடு சேர்த்து எரிக்கும்படி நானே சொன்னேன் என்றார். மூன்று மாதத்துச் சாம்பல், வேண்டுமானால் தேடிக்கொள்ளுங்கள் என்றார். அந்தச் சிரிப்பில்தான் செல்லசாமிக்குப் பொறி தட்டியது. கறுப்பாக, துண்டில் சுற்றி.

"கங்காணி" என்றான். "அன்னைக்கு வீட்டுக்குக் கொண்டுபோனது என்னன்னு இப்பவாவது சொல்லுங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

அழகுமுத்து துண்டை முறுக்கினான். கம்பனிச் சாமானைத் தொட்டேன் என்று சொன்னால் அதுவே திருட்டு என்பார்களே என்ற பயம் அவன் கண்ணில் அப்பட்டமாகத் தெரிந்தது. பதில் வாசலுக்கு வெளியிலிருந்து வந்தது.

"தாளுங்க ஐயா" என்றாள் வேலாயி. "பலகைய எரிச்சாச்சு. எழுத்து இருக்கிற தாள எப்பிடிங்க எரிக்கிறது?"

அவள் லயத்துக்கு ஓடினாள். பதினொன்றே முக்காலுக்கு நெஞ்சோடு ஒரு துணிமூட்டையை அணைத்துக்கொண்டு ஓடிவந்தாள். சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தது அது. துரையின் மேசையில் அவள் ஒவ்வொன்றாக எடுத்துவைத்தாள். மாமனார் இந்தியாவிலிருந்து வந்தபோது மண்டபம் முகாமில் வாங்கிய சீட்டு. பிள்ளைகளின் பிறப்புத் துண்டு, அம்மை குத்திய துண்டு, அரிசிக் கூப்பன் புத்தகத்தின் பழைய அட்டை, பிரஜாவுரிமை மனு கொடுத்ததற்கான ரசீது. எழுதப் படிக்கத் தெரியாத இருவர் ஐந்து வருடமாகச் சேர்த்த அத்தனை காகிதமும் அங்கே இருந்தது. நீ இந்த நாட்டில் இருந்ததற்குக் காகிதம் எங்கே என்று கேட்கத் தொடங்கிய நாளிலிருந்து, எந்தத் தாள் எப்போது உதவும் என்று தெரியாமல், லயத்துச் சனம் ஒரு தாளையும் வெளியே போடுவதில்லை. ஆபீசிலேயே உட்கார்ந்திருந்த பொன்னையாவுக்கு அது தெரியாமல் போய்விட்டது.

எல்லாவற்றுக்கும் அடியில், சந்தனப் பொட்டு வைத்த கறுப்பு மெழுகுத் துணிப் பை.

இக்னேசியஸ் புத்தகத்தை எடுத்துப் பதினொராம் பக்கத்தை விரித்துத் துரையின் முன்னால் வைத்தார். காற்றோடு மழை அடிக்கும் மேட்டு நிலமானால் இரண்டு அலை ஏற்றித்தான் தகரம் போட வேண்டும், அதற்கு ஆறுக்கு ஒன்று வீதம் தகரம் அதிகம் தேவை, அதை ஓர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று அச்சில் இருந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில், ஓர்டரில் தோட்டம் கொடுத்த பதில்களைக் கம்பனி டைப் அடித்து ஒட்டியிருந்தது. ஒன்பதாம் கேள்வி: இடம் காற்றுக்கும் மழைக்கும் திறந்து கிடக்கிறதா? பதில்: இல்லை.

துரை பொன்னையாவைப் பார்த்தார். பிறகு பொன்னையா, யாரையும் பார்க்காமல், பள்ளத்தில் உள்ள வேறொரு தோட்டம் முன்பு இதேமாதிரிக் கொட்டகை வாங்கியபோது நிரப்பிய படிவத்தைப் பார்த்து எழுதிவிட்டேன் என்றார். தகரம் தீர்ந்த அன்றைக்குத்தான் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டாராம். இருபத்தாறு வருட உத்தியோகம் என்றார். செல்லசாமிக்கு அந்த ஆளைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் தன் உத்தியோகத்தைக் காப்பாற்ற இன்னொருவனை நாட்டைவிட்டே தள்ளப் பார்த்தவன் என்று நினைத்ததும் அந்தப் பாவம் காய்ந்துபோயிற்று.

கம்பனிக்குப் போன அந்தப் படிவத்தின் அடியில் கையெழுத்துத் துரையுடையது. வாசிக்காமல் போட்ட கையெழுத்து. அதனாலோ என்னவோ அவர் சத்தம் போடவில்லை. பொன்னையாவைத் திங்கட்கிழமை பங்களாவுக்கு வரச்சொன்னார். இன்னும் அறுபது தகரத்துக்குத் தந்தி அடிக்க வேண்டும் என்றார்.

"அறுபது பத்தாதுங்க. எழுபது" என்றான் அழகுமுத்து.

துரை எழுபது என்று திருத்தி எழுதினார். விஷயம் முடிந்தது, போகலாம் என்று கையைக் காட்டினார். சங்கு ஊதியது. அழகுமுத்து போகவில்லை.

"எழுதித் தரச் சொல்லுங்க ஐயா" என்றான் இக்னேசியஸிடம். "நான் திருடலன்னு."

அதெல்லாம் எதற்கு, பத்துச்சீட்டுத்தான் கொடுக்கவில்லையே என்றார் துரை. செவ்வாய்க்கிழமை விசாரணையை இக்னேசியஸ் எடுத்துச் சொன்னார். தோட்டத்தில் பரவிய பேச்சு நுவரெலியாவுக்குப் பஸ் ஏறிப் போக எத்தனை நேரமாகும் என்று கேட்டார். துரை பெருமூச்சு விட்டு டைப்ரைட்டரைக் காட்டினார். டைப் அடிக்கத் தெரிந்தவர் அந்த ஆபீசில் ஒருவர்தான். பொன்னையா போய் உட்கார்ந்தார்.

நாலே வரியில் கடிதம் தயாரானது. இக்னேசியஸ் வாங்கித் தமிழில் படித்துக் காட்டினார். மேற்படி கங்காணி மீது சொல்லப்பட்ட திருட்டு நிரூபிக்கப்படவில்லை என்றிருந்தது.

"நிரூபிக்கப்படலையா?" என்றான் செல்லசாமி. "டிக்கெட்டு கையில வச்சிருக்கிறவன, 'நீ ஓசியில வந்தன்னு நிரூபிக்க முடியல, எறங்கிக்க'ன்னு சொல்ற மாதிரில்ல இருக்கு. திருட்டே நடக்கலன்னு போடுங்க. கூரைய அவரு சரியாத்தான் போட்டாருன்னும் போடுங்க."

துரை ஒரு விநாடி யோசித்துவிட்டுத் தலையசைத்தார். பொன்னையா வேறு தாளைச் செருகி மறுபடியும் அடித்தார். துரை இந்தமுறை முழுவதும் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி நீட்டினார். அழகுமுத்து இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, வேலாயியிடம் கொடுத்தான். அவள் அதை மூட்டையின் நடுவில், மனு ரசீதுக்கு மேலே வைத்துக் கட்டினாள்.

அப்போதும் அவன் நகரவில்லை. டைப்ரைட்டரையே பார்த்துக்கொண்டு நின்றான். உருளையில் கார்பன் தாளுக்குக் கீழே இருந்த பிரதியைப் பொன்னையா பைலில் போட எடுத்தார்.

"அதையும் குடுத்துருங்கய்யா" என்றான் அழகுமுத்து. "ஆபீசுல தாளு காணாமப் போயிருதுங்க."

பொன்னையா துரையைப் பார்த்தார். துரை ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொன்னையா பிரதியை அவனிடம் நீட்டினார். வேலாயி மூட்டையை மறுபடியும் அவிழ்த்தாள்.